மரத்தில் சர்ஃப் போர்டு: வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஓர் அலமாரி, இரண்டு ஸ்டூல் செய்த அனுபவம்தான் இருக்கிறது. சர்ஃப் போர்டு (கடலலையில் ஏறி ஓட்டும் பலகை) செய்ய முடியுமா?

ஸ்டூலின் காலெல்லாம் ஆடாமல் நிற்கிறதா? அப்படியென்றால் தாராளமாக இறங்கலாம். ஆனால் நிறைய பேர் முதலில் ஹவாயின் பழைய அலாயாவில் கை வைக்கிறார்கள், ஒரே பலகை, ஃபின் (வாலடியில் இருக்கும் துடுப்பு) கிடையாது, ரெசின் (பூசியபின் இறுகும் பிசின்) கிடையாது, எண்ணெய் தேய்த்தால் வேலை முடிந்தது. செய்வது சுலபம்தான், ஏறி நிற்பதுதான் பெரும்பாடு. மிதப்பு மிகக் குறைவு, ஃபின் இல்லாததால் வால் பக்கவாட்டில் வழுக்கும். அதனால் முதலில் ஒரு பைப்போ செய்யுங்கள்: வயிற்றில் படுத்து ஓட்டும் குட்டிப் பலகை, நாலடி போதும். நின்றுதான் ஓட்டுவேன் என்றால் எட்டு ஒன்பது அடியில், உள்ளே காலியாகக் கூடு போல இருக்கும் போர்டுக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் நல்ல தேக்குப் பலகை சும்மா கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

அதில் மேசை செய்யுங்கள், போர்டுக்கு அது கனம். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ, செடார் 370, பவுலோனியா 280, பால்சா 160 அளவில் இருக்கும். பால்சாவில் சிறு அடி பட்டாலும் குழி விழும், விரிசல் விட்டால் தண்ணீரைக் குடித்துவிடும். புதியவருக்கு என் ஓட்டு பவுலோனியாவுக்கே. அது கிடைக்காவிட்டால் முடிச்சு இல்லாத செடார்.

கூடு போர்டில் எந்தக் கட்டத்தில் தப்பு நடக்கும்?

சட்டகத்தில். டாம் பிளேக் என்பவர் 1932-இல் கூடு போர்டுக்குக் காப்புரிமை வாங்கினார், அதன் பிறகு பொருட்கள் மாறியிருக்கின்றன, ஆனால் முதுகெலும்பும் விலா எலும்புகளுமாகச் சட்டகம் அடித்து மேலும் கீழும் மெல்லிய பலகையால் மூடுவதுதான் இன்றும் வீட்டில் செய்பவர்களின் வழி. 6 மி.மீ. பிளைவுட்டில் முதுகெலும்பை வெட்டும்போதே மூக்கும் வாலும் மேலே வளையும் அந்த ராக்கர் முடிவாகிவிடுகிறது, பின்னால் இழைத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அப்புறம் முறுக்கல். விலாக்களை ஒட்டுமுன் மூக்குப் பக்கம் ஒரு நேரான குச்சி, வால் பக்கம் அதே நீளத்தில் இன்னொரு குச்சி குறுக்கே வைத்து, வாலருகே குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் அடியில் ஆப்பு கொடுத்துச் சரிசெய்த பிறகே பசையைத் தொடுங்கள், ஏனென்றால் மேல்பலகை ஒட்டியபின் அந்த முறுக்கல் போகவே போகாது. ஃபின், லீஷ் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு), வென்ட் (காற்றுத் துளை) மூன்றும் வரும் இடங்களில் உள்ளே கட்டைகளை முதலிலேயே ஒட்டிவிடுங்கள். பசை, தண்ணீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

வென்ட் எதற்கு? ஓட்டை போட்டால் தண்ணீர் போகாதா?

ஓட்டை இல்லாவிட்டால்தான் போகும். வெயிலில் கிடக்கும் போர்டுக்குள் காற்று விரிந்து ஒட்டுகளைப் பிளக்கும். அதே சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்காற்று சுருங்கி, மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும். ரப்பர் வளையம் போட்ட திருகு மூடி போதும்: இறங்குமுன் மூடு, ஏறியதும் திற. மறதிக்காரர்கள் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வென்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.

எபாக்ஸி ரெசின் பூசினால் குமிழ் குமிழாக வருகிறது. ரெசின் மட்டமா?

ரெசின் மேல் பழி போடாதீர்கள், காலையில் பூசியிருப்பீர்கள். பொழுது ஏற ஏற மரம் சூடாகி அதன் துளைகளில் உள்ள காற்று வெளியே வரும், ஈர எபாக்ஸி குமிழும். சூடு இறங்கும் மாலையில், நிழலில் பூசுங்கள். முதலில் மெல்லிய ஒரு பூச்சு, அது இறுகியபின் உப்புத்தாள் போட்டு, அப்புறம்தான் ஃபைபர் துணி. கலந்த ரெசினை ஆழமான டப்பாவில் விட்டுவைக்காதீர்கள், சூடேறிச் சட்டென்று இறுகிவிடும், அகலத் தட்டில் ஊற்றுங்கள்.

ரெசினே வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் போதுமா?

பைப்போவுக்கும் அலாயாவுக்கும் போதும். கூடு போர்டின் 5 மி.மீ. தோலுக்குப் போதாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

மாஸ்க், கையுறை எல்லாம் அவசியமா?

அவசியம். செடார் தூள் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் விடாது. கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது இன்னும் மோசம், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கடை ஃபோம் போர்டை விடக் கனமாக இருக்குமா?

இருக்கும். கையால் துடுப்பு போட்டுக் கிளம்ப நேரமாகும், ஆனால் ஓட்டம் பிடித்தபின் சின்ன அலையிலும் நிற்காமல் போகும். அதே கனம் அலையில் அடித்து வந்தால் முன்னால் இருப்பவர் மண்டை உடையும். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, லீஷ் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.