வாசகர் கேள்வி – பதில்: பனியன் துணியும் கணினி அளவும்

கேள்வி (திருப்பூர் வாசகர்): சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். கணினியில் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான அளவு வடிவம்) போடத் தொடங்கிய பிறகும், முதல் துவைப்பிலேயே டி-ஷர்ட்டின் நீளம் குறைந்துவிடுவதாகப் புகார் வருகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை, பணம்தான் வீணாகும். பின்னல் துணி சாயமேற்றுதல், உலர்த்துதல், உருளையில் சுற்றுதல் என ஒவ்வொரு கட்டத்திலும் நீளவாக்கில் இழுபட்டே வருகிறது. தண்ணீரில் நனைந்ததும் அதன் கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) இயல்பு நிலைக்குத் திரும்ப, நீளம் குறைகிறது. இந்தச் சுருக்கம் எவ்வளவு என்று நாம் சொன்னால் ஒழியக் கணினிக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு லாட் (தொகுதி) துணியிலும், வெட்டுவதற்கு முன், 50 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை அழியாத மையால் குறித்து, வீட்டில் துவைப்பது போலவே துவைத்து உலர்த்தி, நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.

நீளம் 47 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 6 சதவீதம். இங்கேதான் அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டர்கள்கூடச் சறுக்குகிறார்கள். 70 செ.மீ. நீளம் வேண்டுமென்றால், அதனோடு 6 சதவீதத்தைக் கூட்டி 74.2 என்று வெட்டிவிடுகிறார்கள். துவைத்த பின் அது 69.7தான் நிற்கும். துவைத்த பின் நூற்றில் 94 பங்குதான் மிஞ்சும் என்பதால், 70-ஐ 0.94-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 74.5. வெறும் 3 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றலாம். சுருக்கம் 10 சதவீதமானால் அதுவே 7 மி.மீ.யைத் தாண்டிவிடும். உருளையைப் பிரித்து, துணியை ஒரு நாளாவது தளர்வாகக் கிடக்கவிட்ட பிறகே வெட்டு மேசையில் விரிப்பதும் அவசியம். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருவது வேறு சிக்கல். அது பெரும்பாலும் நூலின் முறுக்கால் வருவது, பேட்டர்னால் தீராது.

கேள்வி (ஈரோடு வாசகி): பருத்தித் துணியில் டிஜிட்டல் பிரிண்ட் செய்தபோது, கணினித் திரையில் பார்த்த செங்கல் நிறம் வரவில்லை. ஏன்?

பதில்: திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது, அச்சு இயந்திரம் மையைக் கலக்கிறது, இரண்டும் எட்டக்கூடிய நிறங்கள் ஒன்றல்ல. மேலும், பருத்திக்கான ரியாக்டிவ் மை (இழையோடு வேதிவினை புரிந்து பிணையும் சாய மை), சோடாவும் யூரியாவும் கலந்த கரைசலில் முன்பே பதப்படுத்திய துணியில் அச்சாகி, நீராவியில் வெந்த பிறகுதான் இழையோடு பிணைகிறது. ஒட்டாத மை அலசலில் போய்விடும். எனவே இயந்திரத்திலிருந்து வந்த துணியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். நீங்கள் வாங்கும் அதே துணியில் ஒரு மீட்டர் மாதிரி அச்சிடச் சொல்லி, அலசி உலர்த்திய பிறகு, பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): ஆடையைத் திரையிலேயே தைத்ததுபோல் காட்டும் முப்பரிமாண மென்பொருள் இருந்தால் சாம்பிள் தைக்கவே வேண்டாமா?

பதில்: குறைவாகத் தைக்கலாம். துணியின் எடை, தடிமன், நீட்சி, வளையும் தன்மை ஆகியவற்றை அளந்து கொடுத்தால், நிறத்தையும் அச்சு விழும் இடத்தையும் திரையிலேயே முடிவு செய்துவிடலாம். குழந்தைகள் டி-ஷர்ட்டின் கழுத்து ரிப் (நீளும் கழுத்துப்பட்டி) வழியாகத் தலை நுழைகிறதா என்பதை மட்டும் தைத்துத்தான் பார்க்க வேண்டும்.