போயர் போரில் சிப்பாய்களின் பொழுதுபோக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1899–1902இல் தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு நடந்த போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள்?

பதில்: சீட்டு, கால்பந்து, வீட்டுக்குக் கடிதம். நடந்துகொண்டே இருந்த படைக்கு அதற்குமேல் தெம்பில்லை. சண்டையில் செத்தவர்களைவிட டைஃபாய்டு போன்ற நோய்களில் செத்தவர்களே அதிகம். ஆட்டம், கச்சேரி என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி போயர்களின் முற்றுகையில் மாட்டிய பிரிட்டிஷ் ஊர்களிலிருந்து வந்தது. லேடிஸ்மித் 118 நாள், மாஃபெகிங் 217 நாள் அடைபட்டுக் கிடந்தன. பத்திரிகை நிருபர்களும் உள்ளேயே இருந்தார்கள்.

கேள்வி: மாஃபெகிங்கில் குண்டு மழைக்கு நடுவே கிரிக்கெட் ஆடினார்களாமே?

பதில்: குண்டு மழையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமையில். அன்று இரு தரப்பும் சுடுவதில்லை. உள்ளே கிரிக்கெட், போலோ, கச்சேரி எல்லாம் நடக்கும். ஊரைக் காத்த பிரிட்டிஷ் தளபதி பேடன் பவலே மேடையேறி நடிப்பார். ஓய்வுநாளில் ஆட்டமா என்று போயர் தளபதி ஸ்னைமனுக்குக் கோபம். ஆனால் 1900 ஏப்ரல் கடைசியில் இன்னொரு போயர் தளபதி எலோஃப், தாங்களும் ஆட வரலாமா என்று கடிதம் அனுப்பினார். 200 நாள் ஆட்டமிழக்காமல் நிற்கிறோம், முதலில் எங்களை அவுட்டாக்குங்கள் என்கிற தொனியில் பேடன் பவல் பதில் போட்டார்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். மே 12 விடியலில் எலோஃப் நிஜமாகவே உள்ளே வந்தார். வந்த வழி, ஊரை ஒட்டி வாழ்ந்த பரோலாங் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு. குடிசைகள் எரிந்தன. அந்த மக்கள் போயர்களை உள்ளே விட்டு, பின்னால் வழியை அடைத்தார்கள். மாலைக்குள் எலோஃப் கைதி. கிரிக்கெட் கடிதத்தைச் சொல்பவர்கள் இந்தப் பாதியையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நீங்கள் குறை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த ஆட்டங்கள்தானே ஊரின் மனத்தைத் தாங்கின?

பதில்: தாங்கின, மறுக்கவில்லை. யாருடைய மனத்தை என்பதுதான் என் கேள்வி. வெள்ளையர்களுக்கு ஒரு ரேஷன், கறுப்பர்களுக்கு வேறு. குதிரைக்கறி சூப்பையும் கறுப்பர்களைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னார்கள். ஓட்ஸ் உமியில் கஞ்சி காய்ச்சினார்கள். அந்த ஊர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கறுப்பரான சால் பிளாட்ஜேயின் முற்றுகை நாட்குறிப்பு 1973இல்தான் அச்சானது. அதுவரை ஏறக்குறைய வெள்ளையர் எழுதியதை வைத்தே பேசிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: அதே கேள்விதான் சார், பட்டினி எல்லாருக்கும்தானே?

பதில்: எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. ரேஷன் கணக்கைப் பாருங்கள், அப்புறம் வாதாடலாம்.

கேள்வி: பீரங்கிக் குண்டில் கிறிஸ்துமஸ் புட்டிங்?

பதில்: ஆமாம், லேடிஸ்மித், 1899. வெடிக்காத குண்டுக்குள் புட்டிங்கையும் வாழ்த்தையும் வைத்துப் போயர்கள் அனுப்பினார்கள்.

கேள்வி: தாத்தா வீட்டில் விக்டோரியா ராணியின் சாக்லேட் டப்பா இருக்கிறது. என்ன விலை போகும்?

பதில்: 1900 புத்தாண்டுக்குச் சிப்பாய்களுக்கு ராணி அனுப்பிய பரிசு அது. விலையைப் பழம்பொருள் வியாபாரியிடம் கேளுங்கள். டப்பாவைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம்.

கேள்வி: அந்தப் போரில் தமிழர்கள் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பொழுதுபோக்குக் கணக்கில் வரமாட்டார்கள். பிரிட்டிஷ் தரப்புக்காகக் காந்தி திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அப்படிக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலானோர் சென்னையில் கப்பலேறியவர்கள். காயம்பட்டவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல்கூட நடந்தார்கள்.

கேள்வி: இலங்கையில் போயர்கள் கிரிக்கெட் ஆடினார்களா?

பதில்: ஆடினார்கள். பிரிட்டிஷார் பிடித்து அனுப்பி, தியத்தலாவை முகாமில் அடைத்த போயர் போர்க்கைதிகளின் அணி 1901 ஜூலையில் கொழும்பு வந்து கோல்ட்ஸ் கிரிக்கெட் கிளப்போடு மோதித் தோற்றது.

கேள்வி: மாஃபெகிங் கிரிக்கெட் பற்றி...

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். மே 12 வரைக்கும் படியுங்கள்.