நாலு விசிறி, ஒரு ஓசி எஸ்எம்பிஎஸ்

கணினி கேள்வி பதில்: கடலூரிலிருந்து ஒரு பழைய அசெம்பிள் கடைக்காரர்

கேள்வி: சார், வணக்கம். நான் நெல்லிக்குப்பம். மாமாவோடு சேர்ந்து கல்யாண வீடியோ எடுக்கிறேன். கேமரா சோனி ஏ7 ஃபோர். எடிட்டிங் பிரீமியர் ப்ரோவில். ராத்திரி நேரம் கிடைத்தால் வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாடுவேன். இப்போதுள்ள பழைய சிஸ்டத்தில் டைம்லைனை நகர்த்தினாலே படம் உறைந்து நிற்கிறது. கையில் 70,000 ரூபாய் இருக்கிறது, மானிட்டர் ஏற்கெனவே உண்டு. புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன் இது: ஐ5-12400எஃப், எச்610 போர்டு, 16 ஜிபி ராம் ஒன்று, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட்டிஸ்க், கலர் லைட் எரியும் நாலு விசிறியோடு கண்ணாடி கேபினெட், அதோடு எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) இலவசம். வாங்கலாமா?

பதில்: தம்பி, நெல்லிக்குப்பத்துக்காரருக்குக் கரும்பு ஆலையைக் காட்டிச் சொன்னால் சட்டென்று புரியும். அரவை நேரத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்குமே, அந்த வரிசை எதனால்? டிராக்டர் பத்தாததால் இல்லை, உள்ளே எங்கேயோ ஓர் இடம் மெதுவாக ஓடுவதால். கணினியிலும் வரிசை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கேதான் காசைப் போட வேண்டும். உங்கள் கொட்டேஷனில் காசு வரிசை நிற்கிற இடத்துக்குப் போகவில்லை, விசிறிக்குப் போயிருக்கிறது.

உங்கள் வரிசை எங்கே நிற்கிறது தெரியுமா? கேமராவில். அந்த சோனியில் எச்265 (வீடியோவை நன்றாகச் சுருக்கி வைக்கும் முறை) கோப்பாக 4கே 10-பிட் 4:2:2 எடுக்கலாம். மாமா அப்படித்தான் எடுக்கிறார் என்று நினைக்கிறேன், கலர் திருத்தும்போது முகம் நன்றாக வரும் என்பதற்காக. இந்த 4:2:2 என்பது கலர் விவரத்தை எத்தனை புள்ளிக்குச் சேமிக்கிறது என்ற கணக்கு. போன், யூடியூப் எல்லாம் 4:2:0, அதில் நாலு புள்ளிக்கு ஒரு கலர் விவரம். 4:2:2-இல் அதே நாலு புள்ளிக்கு இரண்டு. உலகத்தில் ஓடும் வீடியோ பெரும்பாலும் 4:2:0 என்பதால், கிராபிக்ஸ் கார்டு செய்கிறவர்கள் அப்படிச் சுருக்கியதைத் திரையில் காட்ட விரிக்கும் சர்க்யூட்டை மட்டும் சிப்புக்குள் வைத்துவிட்டு 4:2:2-ஐ ரொம்ப நாள் விட்டுவிட்டார்கள். ஆர்டிஎக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவில் 2025-இல் வந்த 50 வரிசைக்கு முந்தைய கார்டு எதிலும் அது கிடையாது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600-இலும் கிடையாது.

யாரிடம் இருக்கிறது என்றால், இன்டெல் ப்ராசஸருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் சின்ன கிராபிக்ஸில். குவிக் சிங்க் என்று பெயர். மேசைக் கணினியில் 11-ஆம் தலைமுறையிலிருந்து 4:2:2 எச்265-ஐ அது நேரடியாக விரிக்கிறது. உங்கள் கொட்டேஷனில் உள்ளது 12-ஆம் தலைமுறைதானே, அப்புறம் என்ன குறை? கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘எஃப்’. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் முடக்கப்பட்ட ப்ராசஸர். விளையாட மட்டும் வாங்குகிறவருக்கு எஃப் நல்ல பேரம், கொஞ்சம் விலை குறையும். உங்களுக்கு அது உதவாது. எஃப் இல்லாத வெறும் 12400 கேளுங்கள். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், எல்லாம் அதேதான். இந்த ஓர் எழுத்தை நீக்கினாலே உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீரும்.

கடைக்காரரிடம் எஃப் வேண்டாம் என்றால், ‘கார்டு போடுகிறோமே, உள்ளே கிராபிக்ஸ் எதற்கு?’ என்பார். அவர் மேல் தப்பில்லை. அவரிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பப்ஜி தலைமுறை. சிரித்துக்கொண்டே மறுபடியும் 12400 என்று சொல்லுங்கள்.

வாங்கி வந்தபின் ஒரு வேலை இருக்கிறது. தனி கார்டு போட்டதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் போர்டின் செட்டிங் திரை) போய் உள் கிராபிக்ஸ் அல்லது மல்டி மானிட்டர் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரையும் தனியாகப் போடுங்கள். பிரீமியரில் பிரிஃபரன்ஸ், மீடியா பக்கத்தில் ஹார்டுவேர் டிகோடிங்குக்கு நேரே இன்டெல் டிக் ஆகியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘நீங்கள் சொன்னதை வாங்கினேன், பழையபடியே திக்குகிறது’ என்று எழுதுகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது உண்டு.

அடுத்தது கார்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருக்கிறது. முதலில் வந்தது 8 ஜிபி. 2024-இல் வந்த 6 ஜிபி, பெயர் மட்டும் அதே, உள்ளே கோர்களும் குறைவு, நினைவகத்துக்குப் போகும் பாதையும் குறுகல். வேலரன்டுக்கு அதுவே தாராளம். வேலரன்ட் கார்டைவிட ப்ராசஸரைத்தான் அதிகம் கேட்கும். ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015-இல், அதற்கும் பயம் இல்லை. ஆனால் பிரீமியரில் 4கே படத்தின் மேல் கலர், நாய்ஸ் குறைப்பு, ஸ்லோ மோஷன் என்று அடுக்கினால் 6 ஜிபி சீக்கிரம் மூச்சு வாங்கும். என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3060, அதிலும் 12 ஜிபி. (இதிலும் 8 ஜிபி ஒன்று இருக்கிறது, உஷார். பில்லில் 12 என்று எழுதி வாங்குங்கள்.) 4060 புதிது, மின்சாரம் குறைவாக எடுக்கும், விளையாட்டில் முன்னே நிற்கும். ஆனால் 8 ஜிபிதான். சோறு போடுகிறது கல்யாண வீடியோ என்பதால் உங்களுக்கு 12 என்கிறேன். வேலரன்ட் சோறு போட்டிருந்தால் 4060 என்றிருப்பேன்.

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கார்டு பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நண்பர் யாராவது சொல்வார். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை ராப்பகலாக ஓடிய கார்டுகள் கும்பலாகச் சந்தைக்கு வந்தன. அதில் நல்லதும் இருக்கலாம், இரண்டே மாதத்தில் விசிறி நிற்பதும் இருக்கலாம். கண்ணெதிரில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டாமல் வாங்க வேண்டாம்.

இப்போது எனக்கு ரத்தம் கொதிக்கிற இடத்துக்கு வருகிறேன்: இலவச எஸ்எம்பிஎஸ்.

கேபினெட்டோடு ஓசியில் வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரைத் திருப்பி, 12 வோல்ட் என்ற வரிக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பலதில் 18 இருக்கும். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். ப்ராசஸரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். 3060 கார்டு 170 வாட், 12400 முழு மூச்சில் ஓடினால் 117 வாட். இரண்டும் சேர்ந்து 287. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இது கணக்கில் வந்த பாடம் இல்லை. மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருந்தபோது முதுநகர் ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுத்தேன். 800 ரூபாய் மிச்சம் பிடிக்க கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன். அவரும் சரி என்றார், நானும் சரி என்றேன். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம் கரையைக் கடந்ததே, அதற்கப்புறம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வந்தபோதும் ஒழுங்காக வரவில்லை, ஏறி இறங்கி வந்தது. அவர் சுவிட்சைப் போட்ட ஒரு நிமிஷத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. போர்டையும் ஹார்ட்டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அந்த டிஸ்கில் ஒரு கல்யாணத்தின் முழு ஃபுட்டேஜ் இருந்தது. வேறு காப்பி இல்லை. பெண் வீட்டார் ஸ்டுடியோ வாசலில் நின்றபோது நானும் கூட நின்றேன், சொல்ல வார்த்தை இல்லை. புயல் மேல் பழி போட்டுத் தப்பிக்கலாம். 800 ரூபாய்க்கு ஆசைப்பட்டது நான்.

ஆகவே தெரிந்த கம்பெனியில் 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்), ஐந்து வருஷ வாரண்டி உள்ளது ஒன்று வாங்குங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை வீணாக்காத அளவைச் சொல்கிற முத்திரைதான். ஷார்ட் ஆனால் தானே அணைந்து மற்றதைக் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது. அதற்கு வாரண்டி காலம்தான் ஓரளவு அடையாளம். ஐந்து வருஷம் பொறுப்பேற்கிறவன் உள்ளே மட்டமான கெப்பாசிட்டர் வைக்க யோசிப்பான்.

டிஸ்க் விஷயம். உங்கள் கேமராவில் நொடிக்கு 100 மெகாபிட் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் 360 ஜிபி. 256-இல் விண்டோஸும் பிரீமியரும் ஒரு விளையாட்டும் போட்டபின் முகூர்த்தத்தை வைக்கக்கூட இடம் இருக்காது. 1 டிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராக மாட்டும் வேகமான வகை) எஸ்எஸ்டி போடுங்கள். ஒற்றைப் படம் ஓடுவதற்கு ஹார்ட்டிஸ்க்கின் வேகமே போதும், நொடிக்குப் பன்னிரண்டரை எம்பிதானே. இரண்டு கேமராவை ஒன்றாக ஓட்டி, நடுவில் இங்கும் அங்கும் குதிக்கும்போதுதான் அதன் முள் தடுமாறும். ஹார்ட்டிஸ்க் இருக்கட்டும், முடிந்த வேலையைச் சேமிக்க. அதையே வெளியிலும் இன்னொரு டிஸ்கில் ஒரு காப்பி. ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

ராம் ஒற்றை 16 என்றதில் மட்டும் பாதி நான் கடைக்காரர் பக்கம். எச்610 போர்டில் இரண்டே ஸ்லாட். எட்டு எட்டாகப் போட்டால் பின்னால் இரண்டையும் கழற்றி வீச வேண்டிவரும். 16 ஒன்று போட்டு, அதே மாதிரி இன்னொன்று இப்போதே முடிந்தால் போடுங்கள். இரண்டாக இருந்தால் வேகமும் கூடும், பிரீமியருக்கு 32 நிம்மதி. ராம் விலை ஏறி இறங்குகிற பொருள், பட்ஜெட் மீறினால் இரண்டாவதை முகூர்த்த சீசன் முடிந்து வாங்கலாம். ராமை அதன் அட்டையில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி-ஐ பயாஸில் போட மறக்காதீர்கள்.

போர்டு எச்610-ஏ போதும். கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வைத்தது வாங்குங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் விசிறி சுற்றினால் சூடான காற்றுதான் சுற்றும். லைட்டைக் கல்யாண மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். புது கேமிங் சிஸ்டம் வாங்கி, பழைய 600 விஏ யூபிஎஸ்ஸில் மாட்டினேன். சும்மா இருக்கும்போது ஒன்றும் இல்லை. விளையாட்டு ஆரம்பித்ததும் கரண்ட் போனால் யூபிஎஸ் ஒரு பீப் விட்டு எல்லாமே அணைந்துவிடுகிறது. பேட்டரி போச்சா?

பதில்: பேட்டரி மூன்று வருஷத்துக்கு மேல் என்றால் அதுவும் போயிருக்கலாம். ஆனால் முதல் காரணம் விஏ-வையும் வாட்டையும் ஒன்று என்று நினைத்ததாக இருக்கும். 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். விளையாட்டில் உங்கள் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்தால் அதை எட்டிவிடும், கார்டு ஒரு கணம் திடீரென்று இன்னும் அதிகம் இழுக்கும். சும்மா இருக்கும்போது நூறு வாட்கூட வராது, அதனால்தான் அப்போது சமத்தாக இருக்கிறது. 1100 விஏ பாருங்கள், அதில் 660 வாட் என்று எழுதியிருக்கிறதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். விளையாடித் தீர்க்க இல்லை, சேமித்து அணைக்க ஐந்து நிமிஷம் கிடைக்கும். பிரிண்டரை அதில் மாட்ட வேண்டாம்.

கேள்வி: மகன் புதுச்சேரியில் விஸ்காம் சேர்ந்திருக்கிறான். மேசைக் கணினி வேண்டாம், கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா? (முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அம்மா)

பதில்: ஹாஸ்டல் என்றால் லேப்டாப், வீட்டிலிருந்து போய்வருகிறான் என்றால் மேசைக் கணினி. அதே காசுக்கு மேசைக் கணினி வேகமாகவும் இருக்கும், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கேமிங் என்ற பெயரைக் கண்டு பயப்படாதீர்கள் அம்மா. எடிட்டிங்குக்கு வேண்டியதும் அதே கார்டுதான். படிக்கிறானா விளையாடுகிறானா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்து வீடு. ஐப்பசி மழை முடிந்ததிலிருந்து சிஸ்டம் ஆன் ஆகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். உப்புக் காற்று ராமின் பித்தளை நிறக் காலில் படலமாகப் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை ரப்பரால் அந்தக் கால்களை மெல்லத் தேயுங்கள். தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். ராம் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. உங்கள் தெருவிலிருந்து என் கடைக்கு வந்த ‘செத்த போர்டு’களில் பாதி இந்த ரப்பருக்கே எழுந்து உட்கார்ந்தவை. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.