சதுரங்கப் போட்டி ஆட்டமொன்றை மீண்டும் ஆடிப் படிப்பது எப்படி?

பெரிய ஆட்டங்களைக் கைப்பேசியில் தட்டித் தட்டிப் பார்த்தும் தொடக்க ஆட்டம் பிடிபடவில்லை என்று கல்முனையிலிருந்து ஒரு பாடசாலை மாணவர் கேட்டிருக்கிறார். பலகையை விரித்து, வென்றவரின் பக்கம் அமர்ந்து, நகர்வுகளை வரிசையாக எழுதிய ஆட்டக் குறிப்பைத் தாளால் மறைத்து, அடுத்த நகர்வை ஊகித்த பின்னரே தாளை நகர்த்துங்கள்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தைப் பார்ப்போம். வெள்ளையில் ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரன் குதிரையை எஃப்3 கட்டத்தில் வைத்து, சிப்பாயை ஜி3க்கு நகர்த்தி, பிஷப்பை ஜி2இல் நிறுத்துகிறார். கறுப்பில் ஆடிய குகேஷ் சிப்பாய்களால் டி5, சி5 என நடுவில் இடம்பிடிக்கிறார். நிறங்களை மாற்றினால் இது குரூன்ஃபெல்ட் தற்காப்பு என்ற தொடக்க முறையே என்பதால், ஜி2 பிஷப் டி5 சிப்பாயை எப்படிக் குறிவைக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பெயரை மனனம் செய்யத் தேவையில்லை.

55ஆவது நகர்வில் டிங் கோட்டையை எஃப்2க்குக் கொண்டுவந்ததும் கோட்டைகள் வெட்டுப்பட்டன. ஏ8 மூலையில் அடைபட்ட வெள்ளை பிஷப்புக்கு எதிரே கறுப்பு பிஷப் டி5இல் வந்து நிற்க, அந்தப் பரிமாற்றத்தையும் தவிர்க்க முடியவில்லை. ராஜாக்களைத் தவிர எஞ்சியவை கறுப்பின் இரு சிப்பாய்களுக்கு எதிராக வெள்ளையின் ஒன்று. 58ஆவது நகர்வுடன் ஆட்டம் குகேஷின் வெற்றியாக முடிந்தது.

நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலான எஞ்சினைக் கடைசியில் திறவுங்கள். முதலிலேயே திறப்பது, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்வதற்குச் சமம் என்பது என் எண்ணம்.