எங்கள் போதகர் மூன்று மாத விடுப்பில் இருக்கிறார். வேறு சபை ஆராதனையில் அவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இது சரியா?

சரிதான். அவரைச் சந்தேகப்படாதீர்கள்.

உங்கள் சபையார் யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருப்பார்கள், இரண்டு நாளில் டிவிஷன் (தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவு) முழுக்கப் பேச்சாகியிருக்கும். நான் விடுப்பில் போனபோதும் "போதகர் சபை மாறப் போறாராம்" என்றுதான் பேசினார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் 17 வருடமாக ஊழியம் செய்கிறேன். "கொழுந்து எடுக்கிற பொம்பளைக்கு இல்லாத லீவு போதகருக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதை நானே கேட்டுக்கொண்டு இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். பிறகு ஓர் அடக்க ஆராதனையில், இறந்தவரின் பெயருக்குப் பதிலாக அவர் தம்பியின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டேன். தம்பி அங்கேயே உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அன்றிரவு விடுப்புக்கு எழுதினேன்.

அப்புத்தளையில் அக்கா வீட்டில் தங்கினேன். இரண்டு ஞாயிறு எங்கும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு அக்கா, "சும்மா கெடக்காம மேல் டிவிஷனுக்குப் போயிட்டு வா, அங்க நாலு மணிக்குத்தான் ஆராதனை" என்றார். பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், கூடுகிற சின்னச் சபை. எந்தச் சபை என்று சொல்லமாட்டேன், சொன்னால் உபதேசச் சண்டை தொடங்கிவிடும். ஞானஸ்நானத்தைப் பற்றி அவர்களோடு எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் திரித்துப் பேசக்கூடாது.

கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். நாலேகாலுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கைக்காசு வேலை (ஞாயிறுகளில் கிலோ கணக்குக் கூலிக்குக் கொழுந்து பறிப்பது) முடிந்து, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, நிறுவைக் கொட்டகையான மடுவத்திலிருந்து நேரே வருகிறார்கள். கூடைகளை வெளிச்சுவர் ஓரம் அடுக்கினார்கள். மழைக்குக் கட்டியிருந்த நனைந்த படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்கள். ஒருத்தியின் கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பாடினாள். பிரசங்கத்தில் ஒரு வயசாளி அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை. இளம் போதகர் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு தொடர்ந்தார்.

எனக்கு அதற்கு மேல் பிரசங்கம் காதில் விழவில்லை.

என் சபையில் ஆராதனை காலை ஒன்பதுக்கு. கைக்காசுக்குப் போகிறவர்களைப் பீடத்திலிருந்து கண்டித்திருக்கிறேன். "மலைக்குப் போகத் தெரிந்த காலுக்கு ஆலயத்துக்கு வழி தெரியாதா?" என்று ஒருமுறை சொன்னேன். அன்று முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா அதன்பிறகு வரவேயில்லை. அவர் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்று நினைத்தேன், பெயர் சொல்லி ஜெபிக்கவும் செய்தேன். 2024இல்தான் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அதிலும் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு என்பது பேராசை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானும் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவன்தான். பீடத்தில் நின்று நின்று பாயில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள்.

1854இல் கண்டியில் தோட்டத் தொழிலாளர்களுக்கான ஊழியமாகத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, ஜனங்கள் இருக்கிற இடத்துக்கே போனார்கள். இதை நான் எத்தனையோ ஆண்டுவிழாக்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். அங்கே ஒரு பையன் சொன்னதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பாஸ் பண்ணியவன். வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டத்து ஆபீஸில் பதினொரு நாள் கிடந்து, தேதி போன பிறகு கைக்கு வந்திருக்கிறது. அவன் லயத்துக்கு இலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது, எல்லாக் கடிதமும் ஆபீஸுக்குத்தான். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று நினைவுகூர்ந்தோம். 200 வருடத்தில் ஒரு கதவு இலக்கம் கொடுக்க முடியவில்லையா? அந்தப் பையன் கோபப்படாமல் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சொந்தச் சபையிலேயே இதைக் கற்றிருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். சொந்தச் சபையில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார யாரும் விடமாட்டார்கள். வாசலிலேயே நாற்காலி போட்டுவிடுவார்கள்.

விடுப்பு முடிந்த வாரமே, என் சபைக்கு வராமல் போன அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது எப்பவோ நடந்தது ஐயா, தேத்தண்ணி குடிங்க" என்றார். காரணம் அதுதான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சபைக் கமிட்டியில் டவுன்காரர்கள் நேரத்தை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களையும் குற்றம் சொல்லமாட்டேன், சாயங்காலம் அவர்களுக்கு பஸ் கிடையாது. அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை ஆராதனை முடித்துவிட்டு நான் எங்கள் பக்கத்து மேல் டிவிஷனுக்கு ஏறிப் போகிறேன். நாலரைக்குத் தொடங்குகிறோம். அந்த அக்கா இன்னும் வரவில்லை. அவருடைய கடைசி மகள் இரண்டு தடவை வந்தாள்.