ஈரோடு பெரியார்-அண்ணா நினைவகம், செவ்வாய்க்கிழமை வரலாமா?

பத்து வயசுப் பையனோட செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர்ல இருந்து கார்ல வந்து பெரியார் வீட்டப் பாக்கலாமான்னு கேட்டிருந்தீங்க, தாராளமா வாங்க ஆனா செவ்வாய் மட்டும் வேண்டாமுங்க, அன்னைக்கு ஜவுளிச் சந்தை, பன்னீர்செல்வம் பார்க் பக்கம் காரை வெச்சுட்டு ரொம்பச் சிரமப்படுவீங்க. ட்ரெய்ன்ல வந்து ஜங்ஷன்ல ஆட்டோ புடிச்சுக்கறது மேலுங்க.

உள்ள பெரும்பாலும் போட்டோதான், பையன் போரடிக்குதும்பான், அதனால வர்ற வழியிலயே கதைய சொல்லிக் கூட்டியாங்க. 1921ல கள்ளுக்கடை மறியல், பெரியார் ஜெயிலுக்குப் போனதும் சம்சாரம் நாகம்மையாரும் தங்கச்சி கண்ணம்மாளும் தெருவுல இறங்கி நின்னாங்க பாருங்க, எனக்கு அந்த வீட்டுல அதுதானுங்க பெருசு. அப்பறம் 1925ல ஈரோட்டுல ‘குடிஅரசு’ பத்திரிகை ஆரம்பிச்சது, அண்ணா இங்க தங்கி ‘விடுதலை’ பத்திரிகைல வேலை பாத்தது. நேரமிருந்தா வ.உ.சி. பார்க்குல அரசு மியூசியத்தையும் பாத்துட்டுப் போங்க.