மொனாட்னாக் உச்சியில் இருப்பது ஸ்ட்ராபெரி இல்லை

வணக்கம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மொனாட்னாக் மலை உச்சியில் எடுத்த படத்தைப் போட்டு, "காட்டு ஸ்ட்ராபெரிதானே, ஏன் பழமே இல்லை?" என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளைப் பூவும் மூன்று சிற்றிலைகளும் யாரையும் ஏமாற்றும். இலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்ட்ராபெரிக்கு ஓரம் நெடுகப் பல் இருக்கும். இதற்கு நுனியில் மட்டும் மூன்று பல், இலையும் தடித்துப் பளபளப்பாக இருக்கும். இது மூன்றுபல் சிங்க்ஃபாயில். ரோஜாக் குடும்பம்தான், ஆனால் காய்ந்த விதைதான் வரும், சதைப்பழம் வராது. இலையுதிர்காலத்தில் இலை செக்கச்செவேல் என்று ஆகும், அப்போது இன்னொரு தடவை போங்கள்.

மலையின் உயரம் 965 மீட்டர்தானே, உச்சியில் மரம் ஏன் இல்லை என்றும் கேட்டீர்கள். குளிர் மட்டும் காரணமில்லை. 1800-களின் தொடக்கத்தில் விவசாயிகள் வைத்த தீயில் காடு எரிந்து, மண்ணும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய பாறை இடுக்கில் அமிலத்தன்மையுள்ள, சத்தில்லாத மண் கொஞ்சம்தான். குட்டைப் புளூபெரி, மலைக் கிரான்பெரி போன்ற புதர்கள் வேரில் வாழும் பூஞ்சையின் தயவில் அங்கே பிழைக்கின்றன. சிவப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் இப்போது மெதுவாக மேலேறுகின்றன.

புளூபெரி பறிப்பதென்றால் ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே இளஞ்சிவப்புப் பூவோடு ஷீப் லாரல் என்ற புதர் இருக்கும். அது விஷம். இலைகள் மும்மூன்றாகத் தொங்கினால் கை வைக்காதீர்கள். அப்புறம், பாறை மேலேயே நடங்கள். அந்த இடுக்குச் செடிகள் மிதிபட்டால் தேறுவது கஷ்டம்.